சாய்த்து வைத்த ஸ்டூல்

ஹாஜிரா பீக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கப்பல் ஏறுவதற்குள் அந்த மனுஷன் அவள் கையால் ஆக்கிய சோற்றை ஒரு வேளை சாப்பிட்டுவிட வேண்டும்.

பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போனபோது, பொருந்துகிற ரத்தம் ஆஸ்பத்திரியில் இல்லை. பர்மா சண்டை முடிந்து, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களில் ஒருவர் கையை நீட்டினார். பெயர் குவாபெனா. கோல்ட் கோஸ்ட்டில் அசாந்தி நாட்டுக்காரர். அவள் நினைவில்லாமல் கிடந்ததால் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையோடு வீடு வந்து சேர்ந்ததும் புருஷன் குலாம் முகம்மதுவை நச்சரித்து, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஜெயபாரதி மூலமாக அவரை அழைத்துவிட்டாள்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் முன்னால் டீக்கடை, பின்னால் வீடு. குவாபெனாவின் முழங்காலில் பழைய காயம். தரையில் உட்கார முடியாது. குலாம் கடை ஸ்டூல் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து போட்டான். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி, ஹாஜிரா பகாரா சோறும் தால்சாவும் ஆக்கியிருந்தாள். அவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

சாப்பிட்டு எழுந்தவர் ஸ்டூலைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுவரோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

குலாமின் முகம் சுருங்கியது. கடை சாத்துகிற நேரத்தில் எழுந்து போகாமல் அரட்டை அடிப்பவர்களுக்கு எதிரே அவன் செய்கிற வேலை அது. ஸ்டூலைச் சாய்த்தால், முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம்.

"பாத்தியா? துன்னாரு, அவ்ளோதான்னு சாச்சி வச்சிட்டாரு" என்றான், குரலைத் தாழ்த்தி.

"உப்பு கூடிப் போச்சா?" ஹாஜிரா தால்சாவில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உயிர் கொடுத்தவருக்கு ஒரு வேளைச் சோறு. அதுவும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

விருந்தாளி சங்கடப்படக் கூடாதென்று குலாம் ஸ்டூலை நிமிர்த்தித் தானே உட்கார்ந்துகொண்டான். திரும்பி வந்த குவாபெனா அதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். அவரோடு கூட வந்திருந்த ஜெயபாரதி தயங்கித் தயங்கி இங்கிலீஷில் விசாரித்தாள்.

"அவங்க ஊர்ல எழுந்தா ஸ்டூலைச் சாய்ச்சுத்தான் வைப்பாங்களாம். உட்கார்ந்தவரோட உயிர் அதுல கொஞ்சம் தங்கியிருக்குமாம். வேற ஆவி எதுவும் வந்து உட்காரக் கூடாதாம்."

பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். அசாந்தி நாட்டுக்கே உயிராகத் தங்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. ராஜாகூட அதில் உட்காருவதில்லை. இங்கிலீஷ்காரர்கள் ராஜாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் கவர்னர் ஒருவர் வந்து, அந்த ஸ்டூல் எங்கே, அதில் என்னை ஏன் உட்கார வைக்கவில்லை என்று கேட்டார். ஆண்கள் வாயடைத்து நிற்க, ராஜ குடும்பத்து அம்மாள் ஒருத்தி சண்டைக்கு எழுந்தாள். குவாபெனாவின் அப்பாவும் போனார். தோற்றார்கள். ராஜ்யம் போயிற்று. ராஜா எங்கோ ஒரு தீவில் கிடந்து, வயதாகித்தான் ஊர் திரும்பினார். ஆனால் ஸ்டூலைப் புதைத்து வைத்த இடத்தை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

"நம்ம சேப்பாக்கம் நவாபு அரமன மாதிரிதான். இப்ப அதுல இன்னா கீது? ஆபீஸு கீது" என்ற குலாம், தான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்ததும் சுட்டதுபோல் துள்ளி எழுந்தான். "அய்ய அல்லா! நானும் கவர்னர் வேலைய பண்ணிட்டேனே, நைனா!"

ஜெயபாரதி அதைச் சொன்னதும் குவாபெனா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

ஹாஜிரா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க குந்தினாலும் இப்டித்தான் சாச்சி வப்பாரா? கேளும்மா."

"இல்லையாம். பட்டாளத்துல எத்தனையோ இடத்துல உட்கார்ந்தாராம், எதையும் சாய்க்கலையாம். இங்கே கை தானாப் போயிடுச்சாம். அந்த அம்மா உடம்புல என் ரத்தம் ஓடுது, இது என் வீடுதானேங்கறார்."

ஹாஜிரா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். போய் அந்த ஸ்டூலை எடுத்து, அவர் வைத்திருந்த மாதிரியே சுவரோரம் சாய்த்து வைத்தாள். குவாபெனா தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்தினார்.

கப்பல் போன பிறகு ஸ்டூல் கடைக்குத் திரும்பியிருந்தது, சாய்த்த நிலையிலேயே. ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம்.

"இன்னா பாய், நிக்க எடமில்ல, ஒரு ஸ்டூலு சும்மா சாஞ்சிக்கினு கீதே!" என்று ஒருவர் அதை நிமிர்த்தப் போனார்.

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஹாஜிரா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அத்தத் தொடாதீங்கண்ணே. அதுல ஆளு கீறாரு."