எங்கே இறங்குவது

அது ஓகஸ்ட் விடுமுறை முகாம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான்கு நாளா ஐந்து நாளா, பெய்தது மழையா வெறும் பனிமூட்டமா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. எனக்குச் சொன்ன சிந்துஜாவே இரண்டு தரம் இரண்டு விதமாகச் சொன்னாள். கடைசிக் காலையில் அவள் செய்தது மட்டும் இரண்டு தரமும் மாறவில்லை.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வீடு மஹய்யாவயில், நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில். முகாம் நடந்தது ஹந்தானை மலையில், தேயிலைக்கு நடுவே ஒரு பழைய கட்டடத்தில். முதல் நாள் பாய் விரிக்கும்போதே நிஷாந்தினி என்ற டவுன் பிள்ளை கேட்டாள்:

"மஹய்யாவ ஆளுங்க யாரும் இல்லையே? அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

சிந்துஜா தலையணை உறையை இழுத்துவிட்டபடி, "நான் பேராதனை," என்றாள்.

அவளுடைய அம்மாவுக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அந்த ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு பொய் எழுந்து நின்றது. பொறுப்பாசிரியர் இறங்கும் இடம் கேட்டு எழுதியபோதும் அதையே சொன்னாள்.

பக்கத்துப் பாய் கைரியாவுடையது. கலகெதரயில் அவளுடைய வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. இருவரும் அதிகம் பேசாதவர்கள். பாறைமேல் அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எழும்போது மனம்விட்டுப் பேசிய நிறைவு இருக்கும். அப்படியொரு சிநேகிதி சிந்துஜாவுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

முகாமில் போனுக்கு அனுமதி இல்லை. அதனால் கடைசிக்கு முதல் நாள் ஓட்டோகிராப் கொப்பிகள் கைமாறின. கைரியா தன்னுடையதை நீட்டினாள்.

"விலாசத்தச் சரியா எழுதுடி. உம்மாக்கு மாசா மாசம் பேராதனையில கிளினிக் ஈக்கி. முடிஞ்சதும் ஒங்கட வீட்டுக்கு வாறோம். அவவுக்கு நெஞ்சு வருத்தம், கன தூரம் நடக்க ஏலாது. கிட்டத்தானே?"

"கிட்டத்தான்."

அன்று மாலை முழுவதும் கொப்பி சிந்துஜாவின் மடியிலேயே கிடந்தது. இல்லாத வீட்டைத் தேடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பேராதனை வெயிலில் அலைவது கண்ணில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் கைரியா போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் போய்விடுவாள், உம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு.

காலையில் இரண்டு வாகனங்கள் நின்றன. பேராதனைப் பக்கத்துக்கு ஒரு வேன். மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை, கலகெதர வழிக்கு ஒரு பஸ். பொறுப்பாசிரியர் ரவிகுமார் பட்டியலை வாசித்தார்.

"சிந்துஜா, பேராதனை. வேன்ல ஏறுங்கம்மா."

அவள் அசையவில்லை.

"லேட்டாகுதும்மா."

"நான் வேன்ல போகல சேர். எங்க வீடு மஹய்யாவயில. பஸ்ல போடுங்க."

"பேராதனைன்னுதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன் சேர்."

நிஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இத்தன நாளா இவ பக்கத்துலயா படுத்திருந்தோம்!"

சிந்துஜா அவள் பக்கம் திரும்பினாள். "படுத்தீங்கதானே? என்ன கொறஞ்சி போச்சி?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நிஷாந்தினியைப் பார்த்துத்தான்.

பஸ்ஸில் கைரியா ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து சீட்டில் வைத்த பையை எடுக்கவில்லை. சிந்துஜா நின்றுகொண்டே வந்தாள். நாலைந்து வளைவு கழிந்த பிறகு கைரியா கேட்டாள்:

"எனக்கிட்டயுமா பொய் செல்லின?"

"ஒன்கிட்டதான் பயமே."

அதற்குமேல் பேச்சில்லை. இது பாறைமேல் இருந்த மௌனம் அல்ல. ஆனாலும் சிந்துஜா மன்னிப்புக்காகக் காத்திருக்கவில்லை. கொப்பியைச் சீட்டின் முதுகில் அழுத்திப் பிடித்து, குலுங்கக் குலுங்க எழுதினாள்: பெயர், வீட்டு இலக்கம், எந்தக் கடைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும், அம்மாவின் வேலை. மஹய்யாவயில் பஸ் நின்றதும் கொப்பியைப் பையின்மேல் வைத்துவிட்டு இறங்கினாள். கைரியா கையசைக்கவில்லை.

மூன்றாம் மாதம் அவளும் உம்மாவும் படியேறி வந்தார்கள். கைரியா முதலில் வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு தேத்தண்ணி குடித்தாள்.

உம்மா இரண்டு வருடம் கழித்துக் காலமானார். கைரியா கல்யாணம் முடித்து அக்குறணையில் இருக்கிறாள். நிஷாந்தினி கொழும்பில் வங்கி வேலை. ரவிகுமார் சேர் ஓய்வு பெற்றுவிட்டார். சிந்துஜா டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வீடு இப்போதும் மஹய்யாவயில்தான்.