ஆஸ்வின் படத்துக்குக் கீழே

விழுப்புரத்தில் ஒயரிங் வேலையை முடித்துவிட்டுத் திண்டிவனத்துக்கு பைக்கில் வந்துகொண்டிருந்த ஆஸ்வின், விக்கிரவாண்டி தாண்டி, விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியில் மோதிச் செத்துப்போனான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் யாரோ படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கிவந்து அடக்கம் செய்த பிறகுதான் அப்பா சூசைமுத்துவுக்கு அந்தச் சங்கதி தெரிந்தது. மகள் ஜெர்லின் போனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தார். படத்தின் கீழே ஒருவன் எழுதியிருந்தான்: 'குடிச்சிட்டுப் பறந்தா இப்படித்தான். பெத்ததுங்க வளர்த்த லட்சணம். பூமிக்கு ஒரு பாரம் கொறஞ்சுது.' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

"உங்கம்மா இத பாத்தாளா?"

"அம்மாதாம்பா மொதல்ல பாத்துச்சு."

எழுதியவன் பெயர் நெடுஞ்செழியன். விழுப்புரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பதாக அவன் பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் காலை சூசைமுத்து பஸ் ஏறினார். செங்கல் தூக்கிக் காய்த்துப்போன கொத்தனார் கை. ஓர் அறை விட்டால் தாங்குவானா என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே போனார்.

கடையில் இருந்தவனுக்கு ஆஸ்வின் வயதுதான் இருக்கும். ஒரு கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிப்புக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சூசைமுத்துவுக்குக் கை எழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் போகும்வரை ஓரமாக நின்றார்.

"பாஸ்போர்ட் சைஸாங்க?" என்று கேட்டான்.

"விக்கிரவாண்டில செத்தானே, ஆஸ்வின். அவனோட அப்பன் நானு."

அவன் முகம் செத்துவிட்டது. "ஐயா, எல்லாரும் எழுதிக்கினு இருந்தாங்க, நானும் எழுதிட்டேங்க. அவரு குடிச்சாரா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

என் பிள்ளை குடிக்கமாட்டான் என்று சொல்லத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். ஆனால் வாயில் வேறு வந்தது.

"குடிச்சிருந்தான்னே வெச்சுக்கப்பா. அப்ப சிரிக்கலாமா? அப்பவும் அவன் எம்புள்ளதானே?"

நெடுஞ்செழியன் போனை எடுத்து, தான் எழுதியதை அழித்து அவரிடம் காட்டினான்.

"மத்ததெல்லாம்?" என்றார் சூசைமுத்து.

"அது வேற ஆளுங்க எழுதினதுங்க. என்னால எடுக்க முடியாது. படத்தையும் நெறைய பேரு எடுத்துப் போட்டுக்கினாங்க."

"அவங்கள்லாம் எந்த ஊருப்பா?"

"தெரியாதுங்கய்யா."

எல்லார் வீட்டுக்கும் போய்விடலாம் என்பதுபோல அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி லூர்துசெல்வி பற்றவைக்காத அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அவன் எழுதினத எடுத்துட்டான் செல்வி."

அவள் நிமிரவில்லை. "ஏங்க, உண்மைய சொல்லுங்க. அன்னிக்கி புள்ள குடிச்சிருந்தானா? எனக்குத் தெரியாம பழகிட்டானா?"

"அவன் தொடமாட்டான். பெத்தவ, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். அத்தினி பேரு சொல்றாங்களே."

அதற்குப் பிறகும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், சோறு போடும்போது, கோயிலுக்குக் கிளம்பும்போது. ஒவ்வொரு முறையும் அவர் இல்லை என்றார். அவள் ஒருமுறைகூட நம்பவில்லை.