தகடு நல்லா இழுக்குது

மாமாவின் கடைக்கு வரும் சாமான்களில் பாதி, யாரோ ஒருவர் ஏற்கெனவே ரிப்பேர் பார்த்துக் கெடுத்தவை. ஒரு கிரைண்டரைத் திறந்தால் மாமா முதலில் கோளாறைத் தேடமாட்டார். எவன் கை வைத்தான் என்றுதான் பார்ப்பார்.

"இங்கன பாரு பானு. கிரீஸ் வைக்கிற எடத்துல தேங்கா எண்ணெய ஊத்தியிருக்கான். மோட்டாருக்கு என்ன சடை பின்னவா போறாக?"

ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாக ஆணியை வைத்தவர்கள், மூன்று முனை பிளக்கில் ஒரு முனையை அறுத்துவிட்டு இரண்டு ஓட்டையில் சொருகியவர்கள், ஃபிரிட்ஜ் கதவை சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியவர்கள் எல்லாரும் மாமாவுக்குத் தீனி. முனியராஜ் எலக்ட்ரிகல்ஸ் என்ற அந்தச் சின்னக் கடை ஆமத்தூரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு நான் அங்கேதான் உட்கார்ந்து மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறேன். ஆள் வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். பேச வேண்டியதை மாமா பேசிக்கொள்வார்.

அம்மா மாரித்தாய் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். குழாயில் வெடிமருந்து அடைக்கிற அறையில் அவளோடு இன்னும் மூன்று பேர். உள்ளே கரண்டு கிடையாது, விளக்கு கிடையாது, செருப்பு கிடையாது. நைலான் சேலை கட்டிக்கொண்டு போகக்கூடாது. வாசல் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகும் முன் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் நம் உடம்பில் கொஞ்சம் கரண்டு சேர்கிறதாம். தகட்டைத் தொட்டால் அது ஒரு கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். மருந்து அதற்கு மேல் கேட்காது.

இந்த வெயில் காலத்தில்தான் அம்மா புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தாள்.

"தகடு இப்பல்லாம் நல்லா இழுக்குது புள்ள. முன்னாடி தொட்டா ஒன்னும் தெரியாது, சும்மா கடனுக்குத் தொட்டுட்டுப் போவோம். இப்பத் தொட்டதும் சுர்ருன்னு ஒரு இழுப்பு. ஒடம்புல உள்ளது அம்புட்டும் எறங்குறது தெரியுது."

போர்மேனிடமும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் தகடு நன்றாக வேலை செய்கிறது என்று அவர் சொன்னாராம். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை பயந்துகொண்டே இருக்கிற வீட்டில் அது ஒரு நல்ல செய்தி.

வைகாசியில் ஒரு நாள் அந்தக் கம்பெனியின் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டதென்று மாமாவுக்கு ஆள் வந்தது. சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

கம்பெனிக்குள் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே நிறைய இடம் விட்டிருந்தார்கள். புல்கூட இல்லாத கரிசல் மண், வெயிலில் வாய்பிளந்து கிடந்தது. கேட் பக்கத்தில் போர்மேன் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அறை. அங்கே மட்டும்தான் ஃபேன் ஓடியது. மாமா மோட்டார் பெட்டியைத் திறந்ததும் சிரித்தார்.

"அண்ணாச்சி, இதுல கை வச்சது யாரு?"

"யாரோ சிவகாசிப் பையன். போன மாசம் வந்தான்."

"பையனா? எலியா? வயரக் கடிச்சுல்ல ஒட்டவச்சிருக்கான். இவனக் கூட்டிட்டு வந்த கையோட ஒரு எலிப்பொறியும் வாங்கி வச்சிருக்கணும் நீங்க."

அண்ணாச்சியும் சிரித்தார். மோட்டார் சரியாகி, தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. மாமா டீ குடிக்க அறைக்குள் போனார். நான் அம்மாவைப் பார்க்கலாம் என்று நடந்தேன்.

பெண்கள் தண்ணீர் குடித்துவிட்டு மருந்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வரிசையாக நின்றார்கள். முதலில் கருப்பம்மாள் பெரியம்மா. தகட்டுக்கு யாரோ சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் தொட்டாள். அவள் தோள் வெடுக்கென்று ஒரு முறை தூக்கிப்போட்டது. விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆத்தாடி, இன்னைக்கு என்னா இழுப்பு. நேத்து மகனோட சண்டை போட்டது எல்லாம் எறங்கிருச்சு."

"அப்ப நாளைக்கு அவனையும் கூட்டியா. அவன் கிட்ட உள்ளதும் எறங்கட்டும்" என்றாள் பாண்டிமீனா அக்கா.

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தொட்டார்கள். ஒவ்வொரு தோளும் துள்ளியது. கடைசியில் அம்மா. என்னைப் பார்த்து, பெருமையாகத் தகட்டைக் கண்ணால் காட்டிவிட்டுத் தொட்டாள். அவளுக்கும் துள்ளியது. உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு அந்தத் துள்ளல் பிடிக்கவில்லை. அதை நான் பார்த்திருக்கிறேன். 'தொட்டா அடிக்குதுப்பா' என்று கிரைண்டரைக் கொண்டுவருகிறவர்கள், எப்படி அடிக்குது என்று காட்டும்போது அவர்கள் தோள் அப்படித்தான் போகும்.

தகட்டின் பக்கத்தில் போனேன். சந்தேகமான எதையும் புறங்கையால் தொட வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். கரண்டு அடித்தால் கை தன்னால் விலகும். விரலின் பின்பக்கத்தை மெதுவாக வைத்தேன்.

கிரைண்டர். அதே கிரைண்டர்.

இழுக்கவில்லை. அடித்தது. உடம்பில் இருந்து எதுவும் இறங்கவில்லை. தகட்டிலிருந்து என் கைக்கு ஏறியது.

உள்ளே நான்கு பேரும் குனிந்து மருந்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கைகள் முழங்கைவரை வெள்ளிச் சாம்பல் நிறம். அம்மா நிமிர்ந்து, 'போ, இங்கன நிக்கக் கூடாது' என்று சைகை காட்டினாள். கத்த முடியாது. மருந்து அறைக்குப் பக்கத்தில் யாரும் கத்தக்கூடாது. திடுக்கிட்டு எழுந்தால் தட்டு கவிழும். ஓடவும் கூடாது. கம்பெனிக்குள் ஓடுகிறவனைப் பார்த்தால் மற்றவர்கள் எல்லாரும் ஓடுவார்கள்.

நடந்தேன். அந்தக் கரிசல் வெளியில் நடந்ததைப் போல நான் ஒருநாளும் நடந்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் முதுகுக்குப் பின்னால் சத்தம் வருமா வருமா என்று காது முதுகிலேயே இருந்தது.

"மாமா, தகட்டுல கரண்டு இருக்கு."

மாமா டம்ளரை வைக்காமலே சிரித்தார். "எர்த்துத் தகட்டுலயா? அது கரண்ட மண்ணுக்கு அனுப்புறது புள்ள."

"தொட்டேன். அடிக்குது."

நான் ஒன்றை இரண்டு முறை சொல்கிற ஆள் இல்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். எழுந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார். "எந்த வெளங்காத பய செஞ்ச வேலையோ தெரியல" என்றார் வழியில்.

தகட்டில் டெஸ்டர் முனையை வைத்து, வெயிலுக்கு உள்ளங்கையைக் குவித்து மறைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். டெஸ்டருக்குள் சின்னதாகச் சிவப்பு எரிந்தது.

மாமா திரும்பி நடந்தார். அண்ணாச்சியின் அறைக்குள் போய்ப் பலகையிலிருந்து ஃப்யூஸைப் பிடுங்கினார். ஃபேன் மெதுவாக நின்றது.

"ஏலே, ஃபேன ஏன் நிப்பாட்டுற?"

"பொம்பளையாளுக அம்புட்டுப் பேரையும் வெளிய வரச் சொல்லுங்க அண்ணாச்சி. மெதுவா வரச் சொல்லுங்க. எதையும் தொட வேண்டாம்."

சொன்ன விதத்தில் அண்ணாச்சிக்கு எழுந்து போகத்தான் தோன்றியது.

அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அம்மா கடைசியாக வந்தாள். தட்டில் இருந்த மருந்தை மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"என்ன தம்பி, என்ன?" என்றாள் மாமாவிடம். மாமா அவளுக்குத் தம்பி.

மாமா தகட்டிலிருந்து இறங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டே போனார். அது சுவரோரமாக ஓடி, அண்ணாச்சி அறைக்குப் பின்னால் இருந்த எர்த்துக் குழியில் இறங்கியது. குழி மண் சுண்ணாம்புபோல வறண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே, அறையின் ஃபேனில் இருந்து வந்த இன்னொரு கம்பி அதோடு சேர்ந்திருந்தது. சேர்ந்த இடத்தில் கறுப்பு டேப்.

எனக்கு அது புரிந்தது. கரண்டு வருவதற்கு ஒரு கம்பி, திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி. திரும்பிப் போகிற கம்பி கெட்டுப்போனால் சிலர் அதை எர்த்தில் முடிந்துவிடுவார்கள். ஃபேன் ஓடும். மண் ஈரமாக இருக்கிறவரை யாருக்கும் தெரியாது. மண் காய்ந்ததும் போக வழியில்லாமல் கரண்டு அந்தக் கம்பியிலேயே நிற்கும், அது தொடுகிற தகட்டில் நிற்கும். இப்படிச் செய்கிறவர்களைத்தான் மாமா கடையில் மிக அதிகமாகத் திட்டுவார்.

இப்போது திட்டவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். டேப்பின் நுனி ஒட்டப்படாமல், வால் மாதிரி மடித்துவிடப்பட்டிருந்தது. பிறகு வந்து பிரிக்க வேண்டிய இணைப்புகளில் மட்டும் அப்படி வால் விடுவது, இழுத்ததும் வருவதற்கு. அப்படி வால் விடுகிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். எனக்கு அப்படிச் சுற்றக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"யாரு செஞ்சது தம்பி?" அம்மா பின்னாலேயே வந்திருந்தாள். மற்ற பெண்களும் வந்திருந்தார்கள்.

மாமா குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நாந்தாங்க்கா."

மாமா தலையைத் தூக்காமலே அறையின் பக்கம் கையைக் காட்டினார்.

"பங்குனில அண்ணாச்சி ரூமுல ஃபேன் ஓடலன்னு கூப்பிட்டாக. வயர அணில் கடிச்சிருந்துச்சு. கையில வயரு இல்ல. ரெண்டு நாளைக்கு ஓடட்டும்னு இதுல முடிஞ்சிட்டுப் போனேன். வயரு வாங்கி வைங்க, வாரேன்னேன்." அண்ணாச்சியைப் பார்த்தார். "நீங்க வாங்கல. நானும் வரல. மறந்தே போச்சு."

"ஃபேன்தான் ஓடுச்சே" என்றார் அண்ணாச்சி.

"அப்ப அது இழுக்கலையா?" என்றாள் கருப்பம்மாள் பெரியம்மா. யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை. "சுர்ருன்னுச்சே."

"அது கரண்டு பெரியம்மா" என்றேன்.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மருந்து அப்பியிருந்தது. அந்தக் கையோடு, அந்த வாசலில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை. எல்லாரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பாண்டிமீனா அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். அம்மா மாமாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மாமா எழுந்து அந்த வாலைப் பிடித்து இழுத்தார். டேப் சரசரவென்று பிரிந்து வந்தது. ஃபேன் கம்பியைத் தனியாக வெட்டி எறிந்தார். வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குழி நிறைய ஊற்றினார். பிறகு ஃப்யூஸைப் போட்டுவிட்டு, தகட்டில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. உள்ளங்கை முழுவதையும் தகட்டில் வைத்து அப்படியே நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணாச்சி கையைத் தட்டினார். "சரியாப் போச்சுல்ல? எல்லாரும் உள்ள போங்க. வடக்க போற லோடு நிக்குது. ஆர்டர்காரன் காலையில இருந்து போன் போட்டுக்கிட்டே இருக்கான்."

கருப்பம்மாள் பெரியம்மா மெதுவாகத் தகட்டைத் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள்.

"ஒன்னும் தெரியலையே."

"தெரியாம இருந்தாத்தான் சரி" என்றார் அண்ணாச்சி.

"இழுத்தப்பயும் சரின்னுதான சொன்னீக அண்ணாச்சி?" என்றாள் அம்மா.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏலே முனியராஜ், நீ சொல்லுலே. ஒங்க அக்காதான?"

மாமா தரையைப் பார்த்தார். "போகலாம்க்கா. இப்ப ஒன்னும் இல்ல."

அம்மா அவரைப் பார்த்தாள். காலையில் அவர் அதைச் சொல்லியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் போயிருப்பாள். இந்த ஊரில் மற்ற எல்லார் வேலையையும் அவர் பழிப்பார்; அவர் வேலையை மட்டும்தான் அவள் நம்பினாள்.

"நீ சொல்லு பானு" என்றாள். "உள்ள போகட்டுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சியும் பார்த்தார். மாமாவைப் பார்த்தேன், அவர் நிமிரவில்லை. குழியைப் பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓரத்தில் மண் வெளுக்க ஆரம்பித்து, பழைய வெடிப்பு மறுபடி தெரிந்தது.

"தண்ணி ஊத்துனதுனால இப்ப நல்லா இருக்கும்மா. மண்ணு அதக் குடிச்சிருச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது. காஞ்சு போச்சுன்னா நம்ம ஒடம்புல உள்ளது எறங்காது. குழியத் தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பியப் புதுசா எறக்கணும். அப்புறம் மிஷின் வச்சு அளந்து பாக்கணும். இன்னைக்குப் போக வேண்டாம்."

அவ்வளவு நீளமாக நான் வெளியாட்கள் முன்னால் பேசியதே இல்லை.

"சின்னப்புள்ள பேச்சக் கேட்டு வேலைய நிப்பாட்டுவீகளா?" என்றார் அண்ணாச்சி.

அம்மா தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பாண்டிமீனா அக்காவும் எழுந்து அவள் பின்னால் போய் நின்றாள். பிறகு மற்ற இரண்டு பேரும். கழுவி முடித்ததும் நால்வரும் கேட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைத் தேடி நடந்தார்கள். யாரும் ஓடவில்லை.

நான் சாமான் பையை எடுக்கத் திரும்பினேன். மாமா வாட்ச்மேனிடம் கடப்பாரையை வாங்கிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீ அம்மாகூடப் போ பானு" என்றார். "எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."

கடப்பாரையை ஓங்கிப் போட்டார். மேல் மண்ணில் மட்டும்தான் ஈரம் இருந்தது. இரண்டாவது குத்திலேயே புழுதி பறந்தது.