பாஞ்சாலை பெறாத பிள்ளை

எனக்குச் சொந்தமாக நாலு பிள்ளைகள். ஐந்தாவதாக ஒன்றை 1984-இல் ஜவ்வாது மலைக்காரர்கள் என் தலையில் கட்டினார்கள். அது கடைசிவரை பிறக்கவே இல்லை. ஆனாலும் அதற்காக நான் வாங்கிய ஏச்சுக்கு ஒரு பள்ளிக்கூடம் நிறையப் பெற்றுப்போட்டிருக்கலாம்.

அப்போது நான் மலைமேல் இருந்த அரசு மருந்தகத்தில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் போளூரிலிருந்து பஸ்ஸில் ஏறி வருவார். மலைப்பாதையின் வளைவுகள் அவரைப் பாதி நாள் வாந்தி எடுக்க வைக்கும். மீதி நாட்களில் டாக்டர், நர்ஸ், கதவு திறப்பவன் எல்லாம் நானே.

பாஞ்சாலைக்கு முப்பத்தாறு வயது. புருஷன் இறந்து மூன்று வருஷம். இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் வந்த கட்டி, அவள் வேலூர் போய்ச் சேர்வதற்குள் எலுமிச்சங்காய் ஆகிவிட்டது. புற்றுநோய். மார்பை எடுத்தார்கள். கட்டியில் ஒரு துண்டைப் பரிசோதனைக்குப் பம்பாய் அனுப்பினார்கள். அவள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் ரயிலில் போனது அந்தத் துண்டு ஒன்றுதான். பதில் வந்தது: பெண்ணுடம்பில் ஊறும் ஹார்மோன்தான் அந்தக் கட்டிக்குத் தீனி, அதைப் பிடித்து உட்கார வைக்கும் இடங்கள் கட்டி முழுக்க இருக்கின்றன. ஆகவே தினம் இரண்டு மாத்திரை, வருஷக்கணக்கில். மாதாமாதம் மாத்திரை எனக்கு வந்துசேரும். அவள் வந்து வாங்கிப் போவாள்.

மாத்திரையால் மாதவிலக்கு நின்றுபோகலாம் என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். நானும் அவளிடம் சொன்னேன். ஊருக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அங்கேதான் சறுக்கியது.

பாஞ்சாலையின் ஊரில் விலக்கான பெண்கள் ஊர் எல்லையில் ஒரு குடிசையில் ஐந்து நாள் தங்கிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். சர்க்கார் பதிவேட்டில் ஒரு பிறப்பே விட்டுப்போகலாம். அந்தக் குடிசைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது ஊருக்கு ஒருநாளும் விட்டுப்போகாது. பாஞ்சாலை நாலு மாதமாகப் போகவில்லை.

கோயில் வாசலில் ஊர் கூடியது. என்னையும் இழுத்து வந்தார்கள். நாட்டாண்மை லட்சுமணன் கல்லின்மேல் உட்கார்ந்தார். பாஞ்சாலையின் கொழுந்தன் மாதையன் பேச எழுந்தான். அவள் ஊரைவிட்டுப் போனால் அவளுடைய சாமைக்காடு அவனுக்கு. அதனால் ஊர் மானத்தின்மேல் அன்று அவனுக்கு இருந்த அக்கறைக்கு முன்னால் மலையே குட்டையாகத் தெரிந்தது.

"நாலு மாசம் ஆச்சி. வூட்டுல ஆம்பள இல்ல. மாசம் ஒருக்கா அண்ணி கம்பவுண்டர் வாசப்படி ஏறுது. இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். ஆயிரம் கண் என்மேல் விழுந்தது.

நாட்டாண்மை தீர்ப்புச் சொன்னார். மாத்திரையை நிறுத்த வேண்டும். இரண்டு மாதத்துக்குள் அவள் குடிசைக்குப் போனால் சுத்தம். இல்லையென்றால் வீட்டையும் காட்டையும் விட்டுக் கிளம்ப வேண்டும்.

நிறுத்தினால் நோய் திரும்பி வந்து ஆளையே கொன்றுவிடலாம் என்று நான் கத்தினேன். மலைக்காரர்களுக்குப் புரிய வேண்டுமே என்று பஸ்ஸை உதாரணம் காட்டினேன். பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் அல்லவா? ஹார்மோன் உட்காரும் இடத்தில் மாத்திரை அப்படித்தான் துண்டு போடுகிறது. துண்டு எந்த ஊருக்கும் போகாது. ஆனால் வேறு யாரும் உட்காரவும் முடியாது. துண்டை எடுத்தால் ஹார்மோன் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கட்டி கிளம்பிவிடும். இவ்வளவு அழகாக வேலூர் டாக்டர்களால்கூடச் சொல்லியிருக்க முடியாது.

"அத்தத்தான் நாங்களும் கேக்கறோம் கம்பவுண்டரே," என்றான் மாதையன். "துண்டு போட்டது யாரு?"

ஊர் சிரித்த சிரிப்பு ஆலங்காயம் வரை கேட்டிருக்கும். குற்றவாளி நானாக இல்லாதிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பாஞ்சாலை எழுந்தாள்.

"மாத்திரைய வுட மாட்டேன். வூட்டையும் வுட மாட்டேன். இன்னிக்கே குடிசைக்குப் போறேன், பத்து மாசம் அங்கியே கெடக்கறேன். உங்க பொண்டாட்டிங்க மாசாமாசம் வருவாங்க இல்ல? வயித்தத் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பத்து மாதமும் எனக்கு யாரும் பால் ஊற்றவில்லை. என்னைக் கண்டால் கோழிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. மாத்திரையை நான் கையில் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. நாட்டாண்மையின் மனைவி கெங்கம்மாள் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் வாங்கிப்போய்க் குடிசை வாசலில் போட்டாள். கூரை ஒழுகியது. மாதையன் ஒரு கட்டுப் புல் கொடுக்கவில்லை. அவள் காட்டில் மட்டும் சாமை விதைத்துக்கொண்டான். மாதாமாதம் வந்த பெண்கள் அவள் வயிற்றை மாவு பிசைவதுபோல் பிசைந்து பார்த்தார்கள். முதுகெலும்புதான் தட்டுப்பட்டது என்று கெங்கம்மாளே ஊரில் வந்து சொன்னாள். ஏழாம் மாதம் அவளைக் காவலுக்கு வைத்துக்கொண்டு பாஞ்சாலை வேலூர் போய்வந்தாள். கட்டி திரும்பவில்லை.

பத்து மாதம் முடிந்து பதினொன்றும் முடிந்தது. யானைக்குட்டி என்றால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம் என்று நாட்டாண்மையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குளித்து, கோமியம் தெளித்துக்கொண்டு பாஞ்சாலை ஊருக்குள் வரலாம் என்று மாதையனிடம் செம்பைக் கொடுத்தனுப்பினார். தற்செயலாக அந்தப் பக்கம் போவதுபோல் நானும் போனேன். தற்செயலுக்கு மருந்தகத்திலிருந்து இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது.

"நான் சுத்தமாத்தான் கீறேன் மாதையா," என்றாள் அவள். "அழுக்கு ஊரு வாயிலதான். நாட்டாண்ம வூட்டுல ஆரம்பிச்சி ஒவ்வொரு வாசல்லயும் தெளி. உன் வூட்டுல ரெண்டு தரம் தெளி. அப்பறம் வர்றேன். எங்காட்டு சாமைய மட்டும் இப்பவே கொண்டாந்து போடு."

மூன்று நாள் ஊர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் காலையில் கெங்கம்மாள் தன் வாசலில் தானே தெளித்தாள். அதன்பிறகு மற்றவர்களால் முறுக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. பாஞ்சாலை ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்து வந்தாள். மாதையன் தன் வாசலில் ஒரு தரம் தெளித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்தான்.

இன்னொரு தரம் என்றாள். தீர்ந்துபோய்விட்டது என்றான். வாசலில் கட்டிய மாடு நின்றுகொண்டுதானே இருக்கிறது, அவசரமில்லை என்று சொல்லி அவள் நடுத்தெருவில் உட்கார்ந்தாள்.

ஊர் முழுக்க அந்த மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றது.