காலை ஆட்டாதேடா

அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்க நான் தயார். என் ரத்த அழுத்தம்தான் தயாரில்லை. கையில் பட்டையைச் சுற்றியதுமே ஜிவ்வென்று ஏறிவிடும். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேறு ஆளுக்கு எங்கே போவது? அப்பா அம்மா இல்லை, அத்தானுக்குச் சர்க்கரை. என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

தியானம் பழகச் சொன்னார்கள். வகுப்பில் சேர்ந்தேன். கண்ணை மூடி அமைதியைக் கவனியுங்கள் என்றார் ஆசிரியை. நாள் முழுக்க அச்சக மிஷினின் இரைச்சலில் நிற்கிறவன் நான். அங்கே சத்தம் நின்றால் எதிலோ காகிதம் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். கண்ணை மூடியதும் ஆப்பரேஷன் மேஜை, கத்தி, அக்காவின் வீங்கிய கால் எல்லாம் வரிசைகட்டி வந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம். கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. பக்கத்திலிருந்த பெரியவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைத்தார். அவருடைய தியானமும் அவ்வளவுதான்.

கால் ஆட்டும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. "காலை ஆட்டாதேடா" என்று முழங்காலில் ஒன்று போடுவது அக்காவின் பிறப்புரிமை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினோடு படுத்திருக்கும்போதும் விட மாட்டாள்.

வியாழக்கிழமை அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அந்த மிஷின் டொக், டொக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. என் கால் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் சேர்ந்துகொண்டது, கண் தானாக மூடியது. கண்ணைத் திறந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கினாயா என்று கேட்டாள். சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். உடனே நர்ஸைக் கூப்பிட்டு எனக்கு அழுத்தம் பார்க்கச் சொன்னாள். சரியாக இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எந்த மிஷினிலிருந்து அவளை மீட்கப் பார்க்கிறேனோ, அதன் பக்கத்தில்தானா எனக்கு நிம்மதி?

வெள்ளிக்கிழமை பரிசோதனை அறையில் மிஷின் இல்லை. சுவர்க்கடிகாரம்கூடச் சத்தம் போடாத ரகம். அளப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அங்கிருந்த நர்ஸ் வெளியே போனார். ஆடப் பார்த்த காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். இன்றைக்கும் போச்சு என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

கூட வந்திருந்த அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் கை என் முழங்காலுக்கு வந்தது. அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்தது, மெதுவாக. இன்னொன்று. பிறகு இன்னொன்று. அந்த மிஷினின் அதே வேகம். வருஷக்கணக்காக அதோடு படுத்திருக்கிறவளுக்குத் தெரியாதா?

"ஆட்டுடா," என்றாள். "எவ்வளவு வேணுமோ ஆட்டிக்கோ."

ஆட்டினேன். நர்ஸ் வந்து பட்டையைச் சுற்றியபோது கால் தானாகவே நின்றிருந்தது. இந்தத் தடவை நல்லா இருக்கு என்று சொல்லி அவர் எழுதிக்கொண்டார்.

அக்காவின் கை அதற்குப் பிறகும் தட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.