இரண்டாவது மூச்சு

என் மூக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உண்டு என்ன, இருந்தது. சந்தையில் மிஞ்சும் அழுகிய காய்கறியையும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சும் சோற்றையும் பெரிய தொட்டியில் புளிக்க வைத்து, அதில் கிளம்பும் வாயுவைக் குழாய் வழியே அதே சமையலறை அடுப்புக்கு அனுப்புவது எங்கள் வேலை. தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். வாயுவை அளக்கும் கருவி ஒன்று அலமாரியில் கிடந்தது. பேட்டரி தீர்ந்து எத்தனை மாதமோ. மேனேஜர் கேட்டால், "அதுக்குத்தான் என் மூக்கு இருக்கே சார்" என்பேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நாள் தொட்டியைக் கலக்கும் இயந்திரம் நின்றுபோயிற்று. அதன் இறக்கையில் ஒரு சாக்கு சுற்றிக்கொண்டிருந்தது. அன்றே பாதிக் கழிவுக் குழம்பை இறைத்துவிட்டு மூடியைத் திறந்து போட்டிருந்தோம். மறுநாள் காலை யாராவது உள்ளே இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். எங்களில் ஒல்லி என் தங்கை புருஷன்தான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மேலிருந்து நீளக் கம்பால் சாக்கைக் குத்திப் பார்த்தேன். அது அசையவில்லை, மேலே படிந்திருந்த ஏடுதான் உடைந்தது. குனிந்து ஒரு மூச்சு இழுத்தேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு மூச்சு. ஒன்றுமே இல்லை.

"என்ன மச்சான், இறங்கட்டுமா? மதியச் சமையலுக்கு கேஸ் கேப்பாங்க."

"நாத்தமே இல்ல மாப்ள. மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி தைரியமா போ."

"அங்க போறதுக்குத்தான் பயமே" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். நாலாவது படியில் கை விட்டுப்போயிற்று. ஒரு சத்தம்கூட இல்லை. நான் கத்திக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். லாரியில் குப்பை இறக்குகிற இரண்டு பேர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டிருக்கலாம்.

தீயணைப்பு வீரர்கள் முகமூடியோடு இறங்கி அவனை வெளியே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர்களின் அதிகாரி என்னிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "அந்த முட்டை நாத்த வாயு அதிகமானா மூக்கு மரத்துப் போயிடும். நாத்தம் நின்னா வாயு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லங்க."

எட்டாம் நாள் தங்கை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"அவரை இறக்குறதுக்கு முன்னாடி மோந்து பாத்தீங்களா அண்ணா?"

"பாத்தேன்மா."

"நாத்தம் இருந்துச்சா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. "முதல் தடவை இருந்துச்சு. ரெண்டாவது தடவை இல்ல."



"முதல் தடவையே இருந்துச்சுல்ல அண்ணா, அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவை மோந்து பாத்தீங்க?"

எனக்கு வேண்டிய பதில் வரும்வரை முகர்ந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?