நச்சுக்கொடி இன்னும் வரவில்லை

1

இந்தக் கதை ஒரு புகாரில் தொடங்கியது. என் போன கதையைக் குழந்தையின் அழுகையோடு முடித்திருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் உஷாராணி, கிள்ளானில் பிரசவ வார்டுத் தாதி, படித்துவிட்டுக் கேட்டார்: "நச்சுக்கொடி வெளிய வரலையே அண்ணே, அதுக்குள்ள எப்படி முடிச்சீங்க?"

பிறகு தாமரையைப் பற்றிச் சொன்னார். (பெயர் நான் வைத்தது.)

2

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், தாமரை—

வேண்டாம். பிரசவ அறையில் மழையை யார் பார்த்தார்கள்?

தாமரை பந்திங்கிலிருந்து வந்தவள். முதல் பிரசவம். பெண் குழந்தை பிறந்து அவள் நெஞ்சின்மேல் கிடந்தது. கருப்பை சுருங்குவதற்கான ஊசியைத் தொடையில் போட்டாயிற்று. உஷாராணி ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கி, மறு கையால் தொப்புள்கொடியை மெல்ல இழுத்துப் பார்த்தார். அதன் மறுமுனையில் இருந்த நச்சுக்கொடி அசையவில்லை.

வெளியே அவள் கணவன் முகுந்தன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "பொறந்திருச்சி லா! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

3

முகுந்தனை விவரமில்லாதவனாக எழுதியிருந்தேன். உஷாராணி ஒப்பவில்லை. "பாவம், அவருக்கு யாரு சொன்னா? நானே சிரிச்ச முகமாத்தான் நின்னேன்."

அரை மணி நேரமாகியும் நச்சுக்கொடி வரவில்லை. ரத்தம்தான் வந்தது, முதலில் கசிவாக, பிறகு—

(இங்கே ஓர் உவமை இருந்தது. உஷாராணி அடித்துவிட்டார். "விரிப்பு நனைஞ்சி தரையில சொட்டிச்சின்னு எழுதுங்க, போதும்.")

"பலமா இழுத்தா வந்துரும்னு கை துடிக்கும் அண்ணே. இழுத்தா கர்ப்பப்பையே கூட வந்துரும்."

அவர் இழுக்கவில்லை. டாக்டர் அருணனைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, குளுருது," என்று உஷாராணியிடம் சொன்னாள் தாமரை. "பாப்பாவ வாங்கிக்குங்க. என் கையில பலமில்ல."

"தியேட்டருக்குக் கொண்டு போவோம். மயக்கம் குடுத்து, கைய விட்டுத்தான் எடுக்கணும்," என்றார் அருணன்.

கையெழுத்துப் போட வந்த முகுந்தன் கேட்டான்: "பாப்பாதான் பொறந்திருச்சே டாக்டர், இன்னும் என்ன?"

அதற்குள் கட்டில் தியேட்டரை நோக்கி நகர்ந்திருந்தது.

4

ஒரு வரைவில் தாமரையைச் சாகவிட்டேன். கதைக்குக் கனம் கூடியது. கிழித்துப் போட்டேன், அவள் உயிரோடு இருக்கிறாள்.

நடந்தது இதுதான். அருணனின் கை கருப்பைக்குள் போனது. சுவரோடு ஒட்டியிருந்த நச்சுக்கொடி துண்டு துண்டாக வந்தது. அவரும் உஷாராணியும் தட்டில் சேர்த்துப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு துண்டு குறைந்தது. கை மறுபடி உள்ளே போனது. அதுவும் வந்தது. ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றைத் தேய்த்துக்கொண்டேயிருந்த உஷாராணியின் உள்ளங்கைக்குக் கீழே கருப்பை மெல்ல இறுகியது. அப்போதுதான் அவருக்குத் தன் கால் வலி தெரிந்ததாம்.

5

இங்கே முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் தாமரை மறுபடி ஆறு மாத வயிற்றோடு வந்திருக்கிறாள். பக்கத்தில் முகுந்தன்.

"மிஸ்ஸி, இந்தத் தடவையும் அப்படி ஆகுமா?"

ஆகலாம், ஆகாமலும் போகலாம். மற்றவர்களைவிட அவளுக்கு வாய்ப்புக் கூடுதல் என்பது உஷாராணிக்குத் தெரியும். அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. வாசகரே, உஷாராணியின் நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்கள் உட்காருங்கள். தாமரை உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.